எல்லாவற்றுக்கும் ‘ஓவ்’

சிகிச்சைக்காகவோ பரிசோதனைக்காகவோ நோயாளியிடமிருந்து அகற்றப்படும் மூக்குக்கண்ணாடி, நகை, செயற்கைப் பல், செவிக் கருவி முதலிய சொந்த உடைமைகள் இருவர் முன்னிலையில் பெயர் எழுதிய உறையிலிட்டு வைக்கப்பட்டு, நோயாளியிடமோ பாதுகாவலரிடமோ கையொப்பம் பெற்றுத் திருப்பி ஒப்படைக்கப்படல் வேண்டும்.

இந்த ஆஸ்பத்திரி விதியைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் வாசித்திருக்கிறேன். தமிழ்ப் பிரதியில் ஒரு வினைச்சொல் காணாமல் போயிருந்ததைச் சுட்டிக்காட்டி மேலிடத்துக்கு எழுதியவனும் நானே. நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் காரியம் எந்தக் கதவால் உள்ளே போய் எந்த மேசையில் தூங்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அன்று காலை அந்த ஆஸ்பத்திரி விடுதியில் உறையும் இல்லை, கையொப்பமும் இல்லை. ஒரு தாதி, ஒரு கேள்வி, அதற்கு என் மனைவி சொன்ன ஒரு விடை. அவ்வளவுதான் நடந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கப் போனவள் வைக்க முடியாமல் அப்படியே சாய்ந்தாள். பாரிசவாதம். வலது கையும் காலும் போயின; பேச்சும் போயிற்று. ஹட்டனிலிருந்து அம்பியுலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கண் விழித்தபோது அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். அதுவும் தமிழ்ச் சொல் இல்லை.

“ஓவ்.”

சிங்களத்தில் ‘ஆமாம்’. மூளையில் அடி விழுந்தவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். சிலருக்குச் சாமி பெயர், சிலருக்குக் கெட்ட வார்த்தை. தமிழச்சிக்கு ஏன் சிங்களச் சொல் தங்கியது என்று அவர் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் ஆயாவாக வேலை செய்து ஓய்ந்தவள் அவள். பொலிஸ், ஆஸ்பத்திரி, மாவட்டக் கச்சேரி, அடையாள அட்டை அலுவலகம் என்று எங்கே போனாலும், கால்சட்டை போட்டவர் சிங்களத்தில் எதைக் கேட்டாலும், முதலில் “ஓவ் மாத்தயா”, ஆமாம் ஐயா, என்று சொல்லிவிட வேண்டும். கேட்டது என்ன என்பதை வெளியே வந்து யாரிடமாவது விசாரித்துக் கொள்ளலாம். “இல்லைன்னு சொன்னா நிக்க வச்சிருவாங்க. ஓவ்னு சொல்லிட்டு வந்துரணும்” என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். லயத்தில் இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. தாய்ப்பாலோடு வருகிறது. எல்லாம் அழிந்த பிறகும் அதுதான் நின்றது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு நான் புதிர்க்காரன் ஆகிவிட்டேன். ஞாயிறு பத்திரிகையில் வரும் கட்டப் புதிர்கள் எனக்குக் காலைப் பலகாரத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். எனக்கு வேண்டியது தர்க்கப் புதிர். ஐந்து வீடு, ஐந்து நிறம், யார் எதை வளர்க்கிறார், யார் எதைக் குடிக்கிறார் என்ற வகை. இதற்கு எனக்கொரு துணை உண்டு. றொசல்லயில் இருக்கும் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். நான் அவரை மாஸ்டர் என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் புதிர் அனுப்பி, ஒருவரை ஒருவர் அவமானப்படுத்துவதில் எங்கள் பின்னேரங்கள் கழிந்தன. அவருக்குப் பிடித்தது பொய்யன் மெய்யன் புதிர். இரண்டு பாதை; ஒன்று தோட்டத்துக்குப் போகும், மற்றது பள்ளத்தில் விழும். சந்தியில் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் இரண்டு கண்டாக்குமார் நிற்கிறார்கள். ஒருவர் மெய்யே பேசுவார், மற்றவர் பொய்யே பேசுவார். யார் யார் என்று தெரியாது. ஒரே ஒரு கேள்வி கேட்டு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

“ரெண்டு கண்டாக்குல ஒருத்தர் மெய் பேசுவார்னதை நான் நம்பலை” என்று எழுதினேன்.

“அண்ணே, இது கணக்கு. தொழிற்சங்கம் இல்லை” என்று பதில் வந்தது.

இந்தப் பயிற்சியோடுதான் நான் என் மனைவியின் கட்டில் அருகே உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவள் சாப்பிட மறுத்தாள். விடுதியில் இருந்த கடைசி நாள்களிலேயே அது தொடங்கிவிட்டது. சோறு, இடியப்பம், பாலில் ஊறிய பாண், எதைக் கொண்டு போனாலும் உதடு பூட்டிக்கொள்ளும். விழுங்கும் தசை நன்றாக இருக்கிறது என்று சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். விடியற்காலையில் நான் ஊட்டும் தேநீர் மட்டும் உள்ளே போகும். மற்ற வேளைகளில் கண்ணிலிருந்து நீர் வழிய, என்னையே பார்த்து, “ஓவ், ஓவ், ஓவ்” என்பாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவள் கன்னம் ஒட்டியது. தோள்பட்டை எலும்பு சேலைக்கு மேலே தெரிந்தது.

அடுத்த கிளினிக்குக்குள் சாப்பிடத் தொடங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொழும்பில் வேலை செய்யும் எங்கள் மகள் லீவு எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“போட்டுருவோம்பா. இப்படியே விட்டா அம்மா நம்ம கண்ணு முன்னாடியே போயிருவாங்க.”

“அவ குழாயைப் பிடுங்கிருவா. இடது கை நல்லாத்தானே இருக்கு.”

“கையைக் கட்டுவாங்க.”

அவள் இதைச் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக அவள் அழுவது எனக்குக் கேட்டது.

கட்டப்பட்ட கை என் மனதை விட்டு நீங்கவில்லை. பேச்சில்லாத மனுஷிக்கு அந்த ஒரு கையும் இல்லை என்றால் அதற்கு என்ன பெயர்? கிளினிக் நாளுக்குள் அவள் ஏன் சாப்பிடவில்லை என்பதை நான் கண்டுபிடித்தாக வேண்டும். என் ஆயுளில் எனக்குத் தரப்பட்ட புதிர்களில் இது ஒன்றுதான் உண்மையானது. விடை பின்பக்கத்தில் தலைகீழாக அச்சிடப்படாத புதிர்.

முதலில் ஆம், இல்லை வழியில் போனேன். நாற்காலியை நேரே போட்டு, மடியில் அட்டையும் தாளும் வைத்து, ஒரு நேரத்துக்கு ஒரு கேள்வி. வலிக்கிறதா? ஓவ். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமா? ஓவ். யாரையாவது பார்க்க வேண்டுமா? ஓவ். கண்டியிலிருக்கும் தங்கச்சியையா? ஓவ். நான் நம்பிக்கையோடு எழுதிக்கொண்டே போனேன். தங்கச்சி வந்து, கட்டிப் பிடித்து அழுது, இரண்டு நாள் இருந்து, சமைத்துப் போட்டுவிட்டுப் போனாள். என் மனைவி ஒரு வாய் சாப்பிடவில்லை.

பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். சாட்சியை நம்புவதற்கு முன் சாட்சியைச் சோதிக்க வேண்டும்.

“நீ ஆம்பளையா?”

“ஓவ்.”

“நாம இருக்கிறது திருகோணமலையிலா?”

“ஓவ்.”

“நான் ஒரு மாடா?”

“ஓவ்” என்றாள். அழுதுகொண்டே.

வாசலில் நின்ற மகள், “அப்பா, அம்மாட்ட இன்டர்வியூவா எடுக்கிறீங்க? பாவமா இல்லையா?” என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

மாஸ்டருக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணே, இவங்க பொய்யனும் இல்லை, மெய்யனும் இல்லை. எதைக் கேட்டாலும் ஒரே விடைன்னா அது விடையே இல்லை. ஸ்டேஷன் மணிக்கூடு நின்னு போன மாதிரி. அதைப் பார்த்து நேரம் சொல்லக் கூடாது.”

“நின்னுபோன மணிக்கூடும் ஒரு நாளைக்கு ரெண்டு தரம்...”

“அதை எப்பன்னு சொல்ல வேற மணிக்கூடு வேணுமே! புதிர் போடுற ஆளுங்க கேட்கிற கேள்வியா இது?” என்றவர், குரலை மாற்றினார். “அண்ணே, வாயை விடுங்க. என்ன செய்றாங்கன்னு பாருங்க. சாப்பிட்ட நேரம் ஒண்ணு, சாப்பிடாத நேரம் பல. நடுவுல என்ன வித்தியாசம்?”

இதை எனக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியிருந்ததே என்ற எரிச்சலோடு வேலையைத் தொடங்கினேன். விடியற்காலைத் தேநீரை ஏற்கிறாள், மற்றதை மறுக்கிறாள். திரவம் என்பதால் ஏற்கிறாளா? மதியம் கஞ்சி கொடுத்தேன். மறுத்தாள். ஆகவே திரவம் காரணம் அல்ல. தேநீர் என்பதாலா? மதியம் அதே தேநீர், அதே கோப்பை. மறுத்தாள். விடியல் நேரம் என்பதாலா? விடியற்காலையில் முகம் கழுவித் துடைத்து, தயார்ப்படுத்தி உட்கார வைத்து, பாலில் ஊறிய விசுக்கோத்து கொடுத்தேன். மறுத்தாள். இருட்டு என்பதாலா? மதியம் திரைச்சீலையை இழுத்து மூடினேன். மறுத்தாள். என்னைப் பிடிக்கவில்லையா? மகள் ஊட்டினாள். மறுத்தாள். ஒவ்வொரு காரணமாக விழ விழ எனக்கு ஒரு கேவலமான சந்தோஷம் உண்டாயிற்று. கட்டப் புதிரில் கட்டங்கள் அடைபடும்போது வருமே, அது. அடுத்த கணம் அவள் மணிக்கட்டைப் பார்ப்பேன். சந்தோஷம் செத்துவிடும்.

மீதி என்ன இருந்தது? விடியற்காலையில் இல்லாமல் மற்ற எல்லா வேளைகளிலும் இருந்த ஒன்று. முகம் கழுவித் தயார்ப்படுத்துவதில் வரும் ஒன்று.

பல்.

அவளுக்கு மேலும் கீழும் முழுப் பல் செட். மகள் பிறந்த சில வருடங்களிலேயே சொந்தப் பல் எல்லாம் போய்விட்டன. அன்று முதல் இந்த நோய் வரும்வரை பல் இல்லாத அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை. விளக்கணைத்த பிறகு கழற்றுவாள், விடியுமுன் மாட்டிக்கொண்டுவிடுவாள். அது அவள் போட்ட சட்டம். சட்டங்களை மதிப்பவன் நான். ஆகவே நோயில் விழுந்த பிறகு அவள் சட்டத்தை நானே அமல்படுத்தினேன். ஒவ்வொரு நாளும் முகம் கழுவியதும் முதல் வேலையாகப் பல்லை வாயில் பொருத்தினேன். அவள் தலையை ஆட்டுவாள், உதடு பூட்டுவாள், அழுவாள். முகத் தசை தொங்கிவிட்டதால் ஆரம்பத்தில் பொருந்தாது, விடாமல் போட்டுப் பழக்குங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் விடாமல் பழக்கினேன்.

அடுத்த மதியம் பல் போடாமல் கஞ்சியோடு முன்னால் உட்கார்ந்தேன். அவள் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கரண்டியைத் தட்டிவிட்டாள், கஞ்சி என் சட்டையெல்லாம். ஆக, பல்லும் காரணம் அல்ல. எல்லாக் கட்டங்களும் அடைபட்டுவிட்டன, விடை இல்லை. கிளினிக்குக்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சம். மகள் ஏற்கெனவே வான்காரரிடம் பேசிவிட்டாள். நான் கஞ்சிச் சட்டையோடு பின்கட்டில் போய் நின்றேன். எதிர் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் மழைக்காகப் படங்குத் துண்டுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இனி எனக்குத் தெரிந்த முறை ஒன்றும் இல்லை என்று அன்றுதான் முதன்முதலாக எனக்குத் தோன்றியது.

மாஸ்டர் அவராகவே எடுத்தார். சொன்னேன்.

“பல்லை எடுத்தும் சாப்பிடலையா?”

“இல்லை. வாயைப் பொத்திக்கிறா.”

“அண்ணே, ஸ்டேஷனுக்கு வெளிய ஒரு சிக்னல், உள்ள ஒரு சிக்னல். ரெண்டும் விழுந்தாத்தான் வண்டி உள்ள வரும். ஒண்ணை மட்டும் இறக்கிட்டு வண்டி வரலைன்னா, அந்தச் சிக்னல்ல பிழை இல்லைன்னு சொல்லிருவீங்களா? காலைல தேத்தண்ணி குடிக்கிறப்ப பல்லும் இல்லை. வேற என்ன இல்லை?”

வேறு என்ன இல்லை. விடியற்காலையில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். பின்னாலிருந்து கையை நீட்டி, கோப்பையின் விளிம்பை உதட்டில் வைப்பேன். நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

உள்ளே போனேன். பல் போடவில்லை. அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாய்த்து, பின்னால் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கரண்டியை நீட்டினேன். முதல் கரண்டி தலையணையில் கொட்டியது. இரண்டாவது எங்கோ இடித்தது. மூன்றாவது கரண்டியில் ஒரு சிறிய இழுப்பை உணர்ந்தேன். மீன் தூண்டிலில் இழுப்பதுபோல. கரண்டி வெறுமையாகத் திரும்பி வந்தது.

மகள் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வான்காரரை வரவேண்டாம் என்று சொன்னோம்.

இத்தோடு புதிர் தீர்ந்தது என்று நினைப்பவர் புதிர்க்காரர் அல்லர். பல் இல்லாத வாயை என்னிடம் காட்டுவதைவிடப் பட்டினி மேல் என்று இருந்தவள், பல்லைப் போட்டபோது ஏன் மறுத்தாள்? வெறுமனே தளர்ந்த பல் என்றால் சகித்துக்கொண்டிருப்பாள். அவளுடைய பெருமை அவ்வளவு பெரியது. பல் இல்லாத முகமும் வேண்டாம், இந்தப் பல்லும் வேண்டாம் என்றால் ஒரு முடிவுதான் உண்டு. நான் கிண்ணத்திலிருந்த பல் செட்டை எடுத்து, அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தேன். வெளிச்சத்தில் வைத்து நன்றாகப் பார்த்தேன். கடைவாய்ப் பற்களின் உள்பக்கம், பள்ளங்களில், தூரிகை எட்டாத இடமெல்லாம் கருஞ்சிவப்பாகக் காவி ஏறியிருந்தது. நான் அதைத் தேயிலைக் கறை என்று நினைத்துத் தினமும் தேய்த்திருக்கிறேன். அது வெற்றிலைக் காவி. என் மனைவி வெற்றிலை போட்டதே இல்லை. பிள்ளைகளைக் கொஞ்சுகிற வாய், எச்சில் தெறிக்கும் என்பாள்.

வேறொரு பெண்ணின் பல்லை நான் தினமும் அவள் வாய்க்குள் திணித்திருக்கிறேன்.

அன்று விடுதியில் நடந்தது இப்போது எனக்குக் கண்ணாடிபோலத் தெரிந்தது. ஸ்கேனுக்குக் கொண்டுபோகுமுன் பற்களைக் கழற்றி வாங்கினார்கள். திரும்பி வந்ததும் நான் பார்க்கவே ஒரு தாதி பிளாஸ்டிக் கோப்பையை நீட்டி, “அம்மே, மேக அம்மாகெத?” என்று கேட்டாள். இது அம்மாவுடையதா? அன்பாகத்தான் கேட்டாள்.

என் மனைவி சொன்னாள்: “ஓவ்.”

அன்று எங்கள் மூலையிலிருந்து மூன்று பேரைத்தான் ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். நடுக்கட்டிலில் என் மனைவி. ஜன்னல் பக்கம் ராகலை ஊர்க்கார அம்மா. கதவுப் பக்கம் டயகம ஊர்க்கார அம்மா. அவருக்கும் பாரிசவாதம்தான், பேச்சு இல்லை. மாஸ்டரிடம் இதைப் புதிராகவே போட்டேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“வெத்தலை போடறது யாரு?” என்றார்.

“ரெண்டு பேரும்.”

“அப்ப வெத்தலை உதவாது.”

“ராகலை அம்மா கச்சான் கடலையைப் பல்லால உடைச்சு, தோலைக் கட்டிலுக்குக் கீழ போட்டு, சுத்தம் பண்றவகிட்டத் திட்டு வாங்கினாங்க. சொந்தப் பல்லு.”

“அப்ப டயகம” என்றார். வழக்கமாக விடை சரியானால் ஒரு கேலி வரும். அன்று வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குச் சிங்களத்திலும் தமிழிலும் பதிவுத் தபால் எழுதினேன். விதியின் இலக்கத்தைக் குறிப்பிட்டேன். டயகம அம்மாவின் குடும்பத்தோடு தொடர்புகொண்டு, பற்களை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யுமாறும், அந்த அம்மாவும் என் மனைவியைப் போலவே சாப்பிட மறுக்கக் கூடும், ஆகவே இது அவசரம் என்றும் எழுதினேன். போன் எடுத்தேன். இன்னொரு நோயாளியின் விவரத்தைச் சொல்ல முடியாது என்றார்கள். அந்த விதியும் எனக்குத் தெரியும். நல்ல விதி. கடிதம் கிடைத்தது, பதில் வரும் என்றார்கள். காத்திருந்தேன். காத்திருக்க வேண்டிய காலம் என்று சட்டம் சொல்வதெல்லாம் கழிந்தது. மார்கழி பிறந்தது. அவளை மகளிடம் விட்டுவிட்டு, பல்லைக் கழுவிச் சுத்தமான கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு டயகமவுக்குப் பஸ் ஏறினேன்.

பெயர் தெரியாத ஒருத்தியைக் கேள்விகளால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பஸ்ஸில் ஒழுங்காகத் திட்டம் போட்டிருந்தேன். தேத்தண்ணிக் கடையில் முதல் கேள்வியைத் தொடங்கியபோதே கடைக்காரர் குறுக்கிட்டார்.

“பாரிசவாதம் வந்து பெரியாஸ்பத்திரியில இருந்தவங்களா? அந்த அம்மா செத்துப் போச்சுங்களே ஐயா. காரியமெல்லாம் முடிஞ்சிருச்சு. மகன் வீட்டுல இருக்காரு, மேல் லயம்.”

மகனுக்கு நாற்பது வயது இருக்கலாம். விடுதியில் பார்த்த முகம். தாய்க்கு வெற்றிலை கொண்டுவந்து பிளாஸ்கு மூடிக்குள் ஒளித்து வைத்தவர். என்னை அடையாளம் கண்டு, பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

“பக்கத்துக் கட்டில் ஐயாதானே? இவ்வளவு தூரம் வந்தீங்களே. அம்மா எப்படி இருக்காங்க?”

“இருக்காங்க. சாப்பிடறாங்க.”

“எங்கம்மா சாப்பிடவே இல்லைங்கய்யா.” அவர் சுவரைப் பார்த்தார். “ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து வாயைத் தொடவே விடலை. பல்லை வைக்கப் போனா என் கையைத் தள்ளும். என் பொண்டாட்டி போனாலும் அப்படித்தான். எங்க மேல என்ன கோவம்னே தெரியலைங்கய்யா. கொழும்புல வேலைக்குப் போய் ஒரு வருஷம் வராம இருந்தேன். அதை மனசுல வச்சிருந்துச்சோ என்னமோ. கடைசி வரைக்கும் கோவமாவே போயிருச்சு.”

கோட்டுப் பையில் என் கை கைக்குட்டையின் மேல் இருந்தது.

“வாய் உள்ள போய்க் கெடந்துச்சு. அப்படியே அனுப்ப மனசு வரலை. குளிப்பாட்டினப்ப பல்லைப் போட்டோம். சரியா உக்காரலை, துணியால தாடையை இறுக்கிக் கட்டினோம். பார்த்தவங்க எல்லாம் உயிரோட இருக்கிற மாதிரியே இருக்குன்னாங்க.”

நான் என்ன சொல்வது? சொன்னால் தாய்க்குத் தன் மேல் கோபமில்லை என்று இந்த மனிதருக்குத் தெரியவரும். கூடவே, தாய் ஏன் பட்டினி கிடந்தாள் என்பதும், எதை இறுக்கிக் கட்டித் தான் அனுப்பி வைத்தார் என்பதும் தெரியவரும். ஒன்றைக் கொடுத்து மற்றதை மறைக்க வழி இருக்கிறதா என்று தேடினேன். இவ்வளவு காலம் புதிர் போட்டவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“கோவம் இல்லை தம்பி” என்றேன். “இந்த நோவு வந்தா எல்லாரும் அப்படித்தான். என் சம்சாரமும் அப்படித்தான் தள்ளிவிட்டா. டாக்டரே சொன்னாரு, இது மூளை பண்ற வேலை, ஆள் பண்றது இல்லைன்னு.”

“டாக்டரே சொன்னாருங்களா?”

“சொன்னாரு.”

அவர் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, “இந்தா, ஐயாவுக்குத் தேத்தண்ணி ஊத்து. இவங்க வீட்டு அம்மாவும் தள்ளிவிட்டாங்களாம். டாக்டரே சொல்லியிருக்காரு” என்றார். மெய்யும் பொய்யும் கலந்த அந்த விடையை அவர் எடுத்துக்கொண்ட வேகத்தைப் பார்க்க முடியாமல் நான் தேநீரைக் குடித்தேன்.

நான் புறப்படும்போது மலை ஓரத்தில் தாயைப் புதைத்த இடத்தைக் காட்டினார். புது மண், சுற்றிலும் தேயிலைச் செடி, பனி. என் மனைவியின் பற்கள் அங்கே இருக்கின்றன.

பிறர் உடைமை தவறுதலாக ஒருவரிடம் வந்தால் அதை எங்கே ஒப்படைப்பது என்பதற்கு விதி உண்டு. உடைமையின் சொந்தக்காரி இன்னொருத்தியின் உடைமையோடு மண்ணுக்குள் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு நான் அறிந்தவரை விதி இல்லை. கைக்குட்டையைத் திரும்பக் கொண்டுவந்தேன். அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

புதுப் பல் கட்ட அச்சு எடுக்க வேண்டும். முகம் ஒரு நிலைக்கு வரும்வரை அச்சு எடுக்க முடியாது என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். வருமா என்று கேட்டேன். தோளை உயர்த்தினார். ஆகவே சுவர்ப் பக்கம் திருப்பி, பின்னாலிருந்து ஊட்டுவதுதான் நடக்கிறது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கரண்டியை இடம் பார்த்து வைக்க இப்போது என் கைக்குத் தெரியும். நடுவில் எழுந்தால் போயிற்று. வாய் பூட்டிக்கொள்ளும், அந்த வேளை முடிந்துவிடும். அவள் உடம்பில் இழப்பதற்கு இன்னொரு வேளை மிச்சம் இல்லை. மகள் கொழும்புக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

ஒரு நாள் மதியம் பாதிக் கிண்ணம் போயிருந்தது. வெளியே தபால்காரர் கூப்பிட்டார்.

“ஐயா! ரெஜிஸ்டர் தபால். ஆஸ்பத்திரியில இருந்து. கையெழுத்துப் போடணும்.”

“வர முடியாது.”

“ஐயாதான் போடணும். நீங்களே சொல்லியிருக்கீங்களே, ஆளைப் பார்க்காமக் கொடுக்கக் கூடாதுன்னு. போன வருஷம் என்னை ஏசினீங்களே!”

“நீங்களே போட்டுருங்க.”

“என்னதுங்க?”

“என் பேரை எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டு, கதவுக்குக் கீழ தள்ளிட்டுப் போங்க.”

வெளியே கதவுப் பலகையில் வைத்து எழுதும் பேனா கீறியது. பிறகு கடித உறை சீமெந்துத் தரையில் உரசும் ஓசை கேட்டது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அடுத்த கரண்டியை நீட்டினேன். இழுப்பு வந்தது.

விசாரணை நடத்தப்பட்டதாகவும், நோயாளி தாமே உறுதிப்படுத்திய பின்னரே உடைமை ஒப்படைக்கப்பட்டதாகவும், எனவே மேலதிக நடவடிக்கை அவசியமில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. அதை நான் வாசித்தது கிண்ணம் காலியான பிறகு. அன்று தைப்பொங்கலுக்கு முதல் நாள்.